உன் கொட்டுக்கு யாரும் வரவில்லை, அண்ணா

யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்று தலையை ஆட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து முழிக்கிற என் வெள்ளிங்கிரி அண்ணனுக்கு, உன் தங்கச்சி மருதி எழுதுவது.

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது கோபம்தான் மிச்சம். அதைத் தீர்த்துக்கொள்ள நீ வேண்டும், நீயோ இல்லை. உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். நான் கத்த ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நழுவிவிடுவாய்.

உன்னை நீ என்று எழுதுவதைப் பார்த்துக் கீழ்நாட்டுச் சனம் முகம் சுளிக்கும். அண்ணனை நீங்க, வாங்க என்று சொல்லாத தங்கச்சி கோயமுத்தூர்ப் பக்கம் உண்டா என்று கேட்பார்கள். நம்ம பாசையில் கூடப்பிறந்தவர்களுக்குள் நீதான். பால்வாடி வேலை கிடைத்த புதிதில், கீழே பேசிப் பழகிய வாயோடு உன்னை "வாங்கண்ணா" என்று கூப்பிட்டுவிட்டேன். "ஏன் அம்மணி, என்னைய வேத்தாளாக்கிப் போட்டியா?" என்று கேட்டாய். அதனால் இங்கேயும் நீதான். நம் பாசையில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். நம் பாசைக்கு எழுத்து கிடையாதே, வேறென்ன செய்ய?

உனக்கும் எழுத்து தெரியாது. கடிதம் போட்டால் நானே வந்து வாசித்துக் காட்ட வேண்டும். ஆகையால் இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். மற்றவர்களாவது படிக்கட்டும். படித்துவிட்டு, ஒரு சத்தத்தை எடுத்து விளையாடுவதற்கு முன்னால் ஒரு நிமிசம் யோசிக்கட்டும்.

அவர்களுக்கு விளங்க வேண்டுமானால் முதலில் நம் கொட்டு மேளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தால் ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, யானை இறங்கினால் ஒரு அடி. சாவுக்கு ஒரு அடி. சாவு மட்டும் வாயால் சொல்லப்படுவதில்லை. அதிலும் மாமன் மச்சான் வீட்டாரிடம் சொல்லவே கூடாது. சொன்ன வாய் அந்த வீட்டுக்குள்ளும் சாவைக் கூட்டிக்கொண்டு போகும் என்பது நம் சனத்தின் பயம். கொட்டுதான் சொல்லும். கடைசியில் விழுகிற அடியை வைத்து ஆணா பெண்ணா, எந்தப் பதி, அதாவது எந்த ஊர் என்று மலைமேல் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இறங்கி வருவார்கள். மாமன் மச்சான் முறைக்காரர்களான அவர்கள் வந்து கை வைத்தால்தான் உடம்பைத் தூக்க முடியும்.

இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கவில்லை. நாம் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டோம். அதனால் அது வேலை செய்தது.

பிறகு அந்த செல்வராஜ் வந்தார்.

காந்திபுரத்தில் கேசட் கடை வைத்திருக்கிறவர். தோட்டத்துக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, தோளில் டேப் ரெக்கார்டரும் கையில் மைக்குமாக நம்ம பதிக்கு வந்தார். மலைக்காரர்களின் கொட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். நான் அன்றைக்குப் பால்வாடியில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் எதற்கு, எங்கே, யாருக்கு என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் "அண்ணா" என்று கூப்பிட்டாராம், உட்காரச் சொல்லாமலே தரையில் உட்கார்ந்தாராம், நம்ம ஊட்டுக் கஞ்சியைக் குடித்தாராம். அது போதும் உனக்கு.

கல்யாணக் கொட்டை அடித்தாய். "இன்னும் கொஞ்சம் வெறப்பா வேணுமுங்கண்ணா" என்றார். சாமிக் கொட்டு அடித்தாய். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். நீயும் உன்கூட அடிக்கிற நஞ்சனும் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க கொட்டுலேயே நெஞ்சுல போயி உக்கார்றது எழவுக் கொட்டுதானுங்க" என்று நஞ்சன் வாயை விட்டுவிட்டான். அதை அடித்துக் காட்டச் சொன்னார். சாவு இல்லாமல் அதை அடிக்கக் கூடாது என்று நஞ்சன் சொல்லியிருக்கிறான். நீ என்ன செய்தாய்? வீடு தேடி வந்த ஒறம்பரையை, விருந்தாளியை, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, கதவைச் சாத்திவிட்டு, கொட்டின் மேல் துணியைப் போட்டு மெதுவாக அடித்தாய். துணி போட்டால் மலைக்குக் கேட்காது. மைக்குக்குக் கேட்குமே அண்ணா! அதைப் பக்கத்திலேயே வைத்திருந்தாரே!

போகும்போது உனக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டுப் போனார். அதை ஒரு மாதம் தோளிலிருந்து இறக்காமல் திரிந்தாய்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் மேல்பதிச் சனம் மொத்தமும் அழுதுகொண்டு இறங்கி வந்தது. அண்ணியின் அண்ணன் பொன்னன் முன்னால் வந்தார். தலையில் அரிசி மூட்டை, கக்கத்தில் கோடித்துணி. பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். பதி முகப்பில் நீ உட்கார்ந்து பல் குச்சியை மென்றுகொண்டிருந்தாய். உன்னைப் பார்த்ததும் பொன்னன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

"மாப்ளே, நீ இருக்கறயா? அப்ப யாரு?"

"யாரு என்ன யாரு? என்ன மச்சான் ஆச்சு?"

"கொட்டு கேட்டுதே! ஆம்பளைச் சாவு, உங்க பதின்னு கேட்டுதே!"

வீடு வீடாகப் போய் ஆம்பளைகளை எழுப்பி வெளியே கொண்டுவந்து நிறுத்தினோம். எல்லோரும் இருந்தார்கள். குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் கிடந்தவன் உட்பட. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கீழ்ரோட்டில் மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. வளைவில் ஒரு ஜீப் திரும்பியது. மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. சாவுக் கொட்டு நன்றாக உச்சத்துக்கு ஏறி நின்றதும், ஒரு பெண் குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: ஆடித் தள்ளுபடி! சேலைகள், வேட்டிகள், சிறுவர் உடைகள்! வாரீர், வாரீர்!

பொன்னன் கக்கத்திலிருந்த கோடித்துணியைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தார். நீ குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி என்னிடம் சொன்னாய். "அம்மணி, அது என்ற கையி, நான் அடிச்சது."

அன்றைக்கு நான் போட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். நீ கடைசியாக என்ன சொன்னாய் தெரியுமா? "அந்தத் தம்பி நல்ல பையந்தான் மருதி. தெரியாம செஞ்சுபோட்டான்."

மறுநாள் உன்னை இழுத்துக்கொண்டு ஆலாந்துறையில் பஸ் ஏறினேன். காந்திபுரத்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். செல்வராஜ் எழுந்து வந்து நாற்காலி போட்டு, டீக்குச் சொல்லிவிட்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கொட்டுதானுங்கண்ணா இப்ப கோயமுத்தூர் ஜில்லா பூராவும்" என்றார். நீ வெட்கப்பட்டாய். கடவுளே, அந்த இடத்தில் நீ வெட்கப்பட்டாய்!

"ஏனுங்க, அது எழவுக் கொட்டுங்க" என்றேன். "அதப் போயி துணிக்கடைக்குப் போட்டிருக்கறீங்க?"

"நல்ல ரிதமுங்க அம்மணி. போட்டதுமே சனம் திரும்பிப் பாக்குதுங்க. அதுதானுங்க வெளம்பரத்துக்கு வேணும்."

"எங்க சனம் திரும்பிப் பாக்கலீங்க. அழுதுட்டு ஓடியாருது."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, புரியாத சிரிப்பு. "சத்தத்துக்கு என்னங்க அர்த்தம் இருக்குது? நாம நெனச்சுக்கறதுதானுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்க. நாளைக்கு உங்க ஊட்டுல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை மணவறைல உக்காந்திருக்கறாரு. நான் வாசல்ல நின்னு சங்கு ஊதி சேகண்டி அடிக்கறேன். நல்ல ரிதம்னு உட்டுருவீங்களா?"

செல்வராஜ் முகம் மாறியது. டீ டம்ளரை மேசையில் வைத்தார். "தப்புத்தானுங்க" என்றார். "ஆனா கேசட்டு கைய விட்டுப் போயிருச்சுங்க. கடைக்காரரு காப்பி போட்டு அன்னூருக்கு ஒரு வண்டி, பொள்ளாச்சிக்கு ஒரு வண்டின்னு அனுப்பிப் போட்டாருங்க. நான் சொல்லிப் பாக்கறனுங்க."

நான் அடுத்த பேச்சுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "பரவாயில்லீங்க தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது பேரூர் வரை உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

உன்னிடமிருந்து இந்தப் பெருந்தன்மையைப் பிடுங்கி எறிந்துவிட முடியாதா என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். காட்டிலாகாக்காரர் நம்ம பதிப் பெயரைத் தப்பாகப் பலகையில் எழுதியபோதும் "படிக்கறவங்க மாத்திப் படிச்சுக்குவாங்க" என்றாய். மாற்றிப் படிக்க மாட்டார்கள் அண்ணா. எழுதியதை எழுதியபடிதான் படிப்பார்கள். இப்போது பஸ் கண்டக்டரிலிருந்து எல்லோரும் அந்தத் தப்புப் பெயரைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் நானே ஒருமுறை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆவணியில் ஜீப் மறுபடி வந்தது. மேல்பதியிலிருந்து பாதிப் பேர் இறங்கி வந்தார்கள். அழவில்லை. பாதி வழியில் நின்று, "சாவா, சேலையா?" என்று கூவிக் கேட்டார்கள். சேலை என்று சொன்னோம். சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொன்னேன். நீ கொட்டை எடுத்து உள்ளே வைத்தாய்.

அதற்கடுத்த முறை ஒருவரும் வரவில்லை.

புரட்டாசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனோம். திரும்பிக் கொண்டுவந்தபோது கண் இரண்டும் மஞ்சளாகவே இருந்தன. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. நீ பாயில் படுத்திருக்க, கீழ்ரோட்டில் தீபாவளித் தள்ளுபடி ஜீப் போனது. உன் சாவுக் கொட்டை நீயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் அடிச்சிருக்கறேன் அம்மணி" என்றாய்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நீ போய்விட்டாய். அண்ணி உன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நஞ்சன் உன் கொட்டை எடுத்துப் பதி முகப்பில் நின்று அடித்தான். நன்றாகத்தான் அடித்தான். மழை விட்டிருந்த நேரம், காற்று மேல்முகமாக இருந்தது. சத்தம் போயிருக்கும். போனது. நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வழியில் ஒரு தலை தெரியவில்லை. நஞ்சன் மறுபடியும் அடித்தான். மறுபடியும். உச்சி வெயில் வந்தது. அவன் கை வீங்கிவிட்டது.

மேல்பதிச் சனம் உன் சாவைத் தீபாவளித் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டது, அண்ணா.

முறைக்காரர் வராமல் உன்னைத் தூக்க முடியாது. "யாராச்சும் போயிச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாயால் சொல்லக் கூடாதே! எந்தக் காலத்தில் யார் போட்ட சட்டமோ, அது அந்த நேரத்தில் என் கழுத்தைப் பிடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நானே மலை ஏறினேன். ஏறும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். சறுக்கி விழுந்தபோதும் உன்னைத்தான் திட்டினேன்.

பொன்னன் வாசலில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன அம்மணி, மேல வரைக்கும் வந்துட்ட? காத்தாலிருந்து உடாம போட்டுட்டு இருக்கறானுகளே. தீவாளிக்கு அத்தனை சேலையா?"

நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள், பால்வாடியில் நாளெல்லாம் பேசுகிறவள். இதெல்லாம் மூட நம்பிக்கை என்று உன்னிடமே எத்தனை தடவை வாதாடியிருக்கிறேன்! ஆனால் அந்த வீட்டு வாசலில், பின்னால் அவர் பிள்ளைகள் நின்றிருக்க, அந்த வார்த்தையைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. என் அறிவுக்கு அது வெறும் சொல். என் வாய்க்கு அப்படி இல்லை.

திண்டாடிக்கொண்டு நின்றபோது யானை விரட்டும் தகர டின் ஒன்று கூரைக்கம்பில் தொங்கியது கண்ணில் பட்டது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்தேன். நம் பக்கத்தில் பொம்பளைகள் கொட்டைத் தொடுவதில்லை. எனக்கு அடிக்கத் தெரியாது. ஆனால் காது நிறையக் கேட்டிருக்கிறேன் அல்லவா, கை தானாகத் தேடிக்கொண்டு போனது. தப்பும் தவறுமாக, தகரம் கையைக் கிழிக்க, பாதி வரைக்கும் அடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஆம்பளை, எங்கள் பதி என்று சொல்லும் அந்தக் கடைசி அடிகளுக்கு முன்னால் கை நின்றுவிட்டது.

பொன்னன் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த மூங்கிலைத் தரையில் தட்டினார். நான் விட்ட இடத்திலிருந்து மெதுவாகத் தட்டினார். ஆம்பளை. உங்கள் பதி. தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"எங்க மாப்ளையா?" என்று கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் அரிசியை எடுத்தார். அவர் போட்ட ஒரு கூவலில் மேல்பதி முழுவதும் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் உன்னைக் கொண்டுபோய் வைத்தோம். குழிக்குப் பக்கத்தில் நின்று பொன்னன், "காத்தாலிருந்து கேட்டுட்டேதான இருந்தேன், கேட்டுட்டேதான இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை யாராலும் தேற்ற முடியவில்லை. அந்த மனிதர் செய்த தப்பு என்ன, சொல்லு? அவர் காது சரியாகத்தான் கேட்டது. சத்தத்திற்குள் இருந்ததை வேறு யாரோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேலையை வைத்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு செல்வராஜ் வந்தார். பதிவு செய்த மூலக் கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரரிடம் சண்டை போட்டு வண்டிகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். உன் செய்தி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நஞ்சன் கேசட்டை வாங்கி அடுப்பில் போடப் போனான். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். "இதுக்குள்ள அவரு கையி இருக்குது" என்றாள். அவள் அதைக் கேட்பதும் இல்லை, யாரையும் போட விடுவதும் இல்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். செல்வராஜ் வேண்டாம் என்று தள்ளிய உன் கல்யாணக் கொட்டும் அதில்தான் இருக்கிறதாம். அதையாவது ஒருநாள் கேட்போமா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் முதல் கூட்டத்திலேயே நழுவியிருப்பாய். சாவுக்கு இனி என்ன அடையாளம் என்று முடிவு செய்ய இரண்டு பதியும் கூடின. புது அடி கண்டுபிடிக்கலாம் என்றான் நஞ்சன். கொட்டை மாற்றினால் செத்துப்போன மூத்தோர்களுக்கு எப்படிப் புரியும் என்றார்கள் பெரியவர்கள். மில்லில் வேலை செய்கிற ஒருவன் சங்கு வைக்கலாம் என்றான், ஷிஃப்டுக்கு ஊதுகிற மாதிரி. வேட்டு வெடிக்கலாம் என்றார் ஒருவர். யானை விரட்ட என்ன செய்வாய் என்று அவரை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். எனக்குத் தலை வெடித்தது. ஒரு சத்தத்திற்கு இதுதான் பொருள் என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்ய முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பழைய கொட்டை யார் கூடிப் பேசி வைத்தார்கள்? யாருக்காவது தெரியுமா?

கடைசியில் அண்ணிதான் பேசினாள். நீ போனதிலிருந்து கூட்டத்தில் வாய் திறக்காதவள், பொன்னனைப் பார்த்துக் கேட்டாள். "ஏண்ணா, கொட்டு கேட்டு நீ வரலை. இவ தகரத்தைத் தட்டுனதும் எப்படி வந்த?"

பொன்னன் யோசித்தார். "அவ பாதியில நிறுத்திப் போட்டா அம்மணி. மிச்சம் என்ற கையில வந்துருச்சு. என்ற கையால அடிச்சதுக்கப்புறம் எப்படி நம்பாம இருக்கறது?"

அப்புறம் முடிவானது. கொட்டு அதேதான். ஆனால் சாவு விழுந்த பதி பாதிதான் அடிக்கும். அடித்துவிட்டு நிறுத்திக் காத்திருக்கும். கேட்ட பதி மிச்சத்தை அடிக்க வேண்டும். ஜீப் காத்திருக்காது. கேசட்டுக்கு யார் பதில் சொன்னாலும் கேட்காது.

அப்பாடா என்று எழுந்தேன். அதற்குள் பாதி என்பது எது என்று சண்டை ஆரம்பித்துவிட்டது! ஆணா பெண்ணா என்கிற அடியை யார் அடிப்பது, எங்கே மூச்சு விடுவது. மார்கழி முழுவதும் அதே பேச்சு; கடைசியில், ஆணா பெண்ணா என்பதை இங்கே முதலிலேயே அடித்துவிட்டு நிறுத்துவது, மேலே அதைத் திருப்பி அடித்து முடிப்பது என்று தீர்ந்தது. இதற்கிடையில் பால்வாடிக்கு மேற்பார்வை அம்மா வந்தார். உன் சின்ன மகளிடம் அணில் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அவள் நம் பாசையில் பளிச்சென்று சொன்னாள், அது எந்த மரத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மா, குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். நான் சண்டை போட்டேன். நானும் உன்னைப் போல "ஆகட்டுங்க" என்றிருந்தால் உன் மகள் ஊமை என்று காகிதத்தில் நிலைத்திருப்பாள். எழுதியதை அடித்துத் திருத்த வைத்த பிறகுதான் அந்த அம்மாவை டீ குடிக்க விட்டேன்.

மாசியில் நம்ம பதியில் ஒரு கிழவர் காலமானார். வயதானவர், பிள்ளை பேரன் பார்த்தவர், பெரிய துக்கம் என்று சொல்ல முடியாது. நஞ்சன் முகப்பில் நின்று பாதி அடித்தான். நிறுத்தினான்.

அந்த அமைதி இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? கிழவரை மறந்துவிட்டு எல்லோரும் மலையைப் பார்த்தோம். கோழி கத்தினால்கூட அதட்டினார்கள். அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. காற்றுதான். நஞ்சன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்த முறையும் இல்லை என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

மேலிருந்து வந்தது. மெல்ல, கொஞ்சம் பிசகாக, விட்ட இடத்திலிருந்து. ஆம்பளை. உங்கள் பதி. கேட்டது, வருகிறோம்.

கிழவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்களெல்லாம் அந்தப் பதிலைக் கேட்டு அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன்மேல். இதைக் கேட்க வேண்டியவன் நீ. நீதான் இல்லை.

உன் கொட்டு முழுக்க முழுக்க இந்தப் பக்கமே அடிக்கப்பட்டது, அண்ணா. நஞ்சன் கை வீங்க அடித்தான், ஒரு பதிலும் வரவில்லை. வருகிற ஐப்பசியில் உன் வருசத்து நாள் வருகிறது. நஞ்சனிடம் சொல்லியாகிவிட்டது, உனக்காக மறுபடியும் அடிப்பான், பாதியில் நிறுத்துவான். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று பெரியவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். பொன்னன் கொட்டுக்குத் தோல் மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அடிப்பார். அவருக்குக் கை எழவில்லை என்றால் நான் மேலே ஏறிப் போய் நின்று அடிப்பேன், யார் தடுத்தாலும். உனக்குப் பதில் வந்தே தீரும். இது சத்தியம்.

அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள். இதற்கும் "பரவாயில்ல அம்மணி, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிடாதே.

உன்னோடு சண்டை இன்னும் தீராத,
உன் கூடப்பிறந்தவள்,
மருதி